பதினேழு தடவை கூப்பிட்டேன்

“வித்துத் தொலைங்கன்னு சொல்றேன், காதுல விழுதா இல்லையா—”

“விலை எறங்கும்போது விக்கிறவன்—”

“பாதியாவது மிஞ்சும்ங்க, இப்பவே—”

“—அடிமுட்டாள். நான் சொல்லலை. பெரிய பெரிய ஆளுங்க சொல்லியிருக்காங்க.”

“அந்தப் பெரிய ஆளுங்களே வித்துட்டுப் போயிட்டாங்களாமே?”

“நீ தையலைப் பாரு.”

இது நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் போட்ட சண்டை, இன்ஸ்பெக்டர் அம்மா. விற்கச் சொன்னது நான். தையலைப் பார்க்கச் சொன்னது அவர். அன்றைக்கு ஆரம்பித்த இந்தச் சண்டை, போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிந்தது. இருபது வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் பாதிக்கு மேல் பேச்சாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பேச்சைத் தவிர வேறொன்றும் பெரிதாக நடந்ததில்லை.

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் வீட்டில் பத்துப் பேனா இருக்கிறது, ஒன்றும் எழுதாது. எல்லாம் கம்பெனி கொடுத்தவை. வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம் போடுவார்கள். போகிறவர்களுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு பேனா. கணக்குப் போட்டால் உலகத்திலேயே விலை உயர்ந்த பேனாக்கள் எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. தண்ணீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்துக் கணக்கெழுதினார். அவர் செய்த தப்புக்கு அந்த உத்தியோகம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் மீட்டரில் எண் ஏறும், அல்லது நிற்கும். இறங்கி அவர் பார்த்ததே இல்லை. அதனால் எண் என்றால் பொறுமையாக இருந்தால் ஏறிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தத்தையும் ஒரு டெலிபோன் கம்பெனியின் பங்கில் போட்டார். ஒரு பங்கு நூற்றுப் பதினெட்டு.

“எல்லார் கையிலயும் போன் இருக்கு. யாராவது பேசாம இருப்பாங்களா?” என்றார்.

பேசாமல் இல்லை. எல்லாரும் வேறு கம்பெனி போனில் பேசினார்கள்.

நூற்றுப் பதினெட்டு எழுபதாயிற்று. அப்போதுதான் மேலே எழுதிய சண்டை. அவர் விற்கவில்லை, இன்னும் வாங்கினார். அதற்குச் சராசரி என்று பெயராம். எழுபதில் கொஞ்சம் வாங்கிப் போட்டால் மொத்தத்தையும் தொண்ணூற்றுச் சொச்சத்துக்கு வாங்கினதாக ஆகிவிடும். விலை ஏறாது, மனசு ஏறிவிடும். நான் தையற்காரி. வெட்டின துணி அளவு குறைந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்க்கிற வித்தை எனக்குத் தெரியாது. முப்பத்தைந்தில் என் கையிலிருந்த நான்கு வளையலும் சராசரி ஆயின. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அந்தக் கழுதைக்குப் பத்து வருஷம் புல் போட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு அவர் தவறாமல் போவார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை நான் இரண்டு தடவை பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மைக்கைப் பிடித்து ஒரே கேள்வி: “எங்க வீடு நாலாவது மாடி. அங்க சிக்னல் எப்ப வரும்?” மேடையில் இருக்கிறவர், “ரொம்ப நல்ல கேள்வி. அடுத்த மூணு மாசத்துல,” என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சொல்வார்: “ரொம்ப நல்ல கேள்வின்னுட்டார்.”

சிக்னல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், வழக்கே அதில்தான் இருக்கிறது. அவர் வீட்டில் அவருடைய கம்பெனி போன்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். “கடைக்காரனே தன் கடைல வாங்கலேன்னா வேற எவன் வாங்குவான்?” என்பார். வீட்டுக்குள் அந்தப் போன் அலங்காரப் பொருள். சமையலறை ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினால் ஒரு கோடு தெரியும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில், இரண்டு கோடு. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். காலையிலும் சாயங்காலமும் அந்த நாற்காலிதான் அவருக்கு ஆபீஸ். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் மாடிக்காரி, “உங்க வீட்டுக்காரர் மேல தவம் பண்றாரா?” என்று கேட்பாள். வரம்தான் வரவில்லை.

எனக்கோ தொழில் போனில்தான். தைக்கக் கொடுத்தவர்கள், எப்போது கூப்பிட்டாலும் எல்லைக்கு வெளியே இருக்கிறாயே, எந்த எல்லை என்று கேட்டார்கள். அதனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு கம்பெனி சிம் போட்டு ஒரு சின்ன போன் வாங்கினேன். தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கும். சத்தம் வராது, நடுங்கும். மெஷின் சத்தத்தில் அதுவும் கேட்காது. அவருக்கு அது தெரியாது. தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்று மறைத்து வைத்தேன். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் அவர் மனசைப் பார்த்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. பதினாலு நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பதினாலு நாளும் நான்தான் மொட்டை மாடிக்குப் போய் விலை பார்த்து வந்து சொன்னேன்.

“எவ்வளவு?”

“ஒன்பதே முக்கால்.”

“நேத்து?”

“ஒன்பதரை.”

“பாத்தியா?” என்பார், கண்ணில் கட்டோடு.

கட்டு அவிழ்த்த பிறகு அவரே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மிதித்துக்கொண்டே இருக்கிற காலை நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுமில்லையா, அந்த மாதிரி. அவர் ஒரு குழுவில் இருந்தார். அந்தப் பங்கை விற்காதவர்கள் சேர்ந்து போனில் வைத்திருந்த குழு. பெயர் ‘பொறுத்தவர்கள்’. ஆரம்பத்தில் இருநூற்று நாற்பது பேர், கடைசியில் முப்பத்தொரு பேர். விற்றுவிட்டுப் போகிறவனை ஓடுகாலி என்று திட்டி அனுப்புவார்கள். டிராயர் போனில் நானும் அதில் சேர்ந்தேன். என் பெயரைப் போடவில்லை, ‘ஊசி’ என்று போட்டேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ‘ஊசி’ எழுதியதை எல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள். “இந்த விலைக்கு விற்கிறவன் பெற்ற பிள்ளையையும் விற்பான்” என்று நான் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். பேச்சு வேகத்தில் வந்தது அது.

ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“குரூப்ல ஊசின்னு ஒருத்தர் சேர்ந்திருக்கார். குத்தற மாதிரிதான் பேசறார். ஆனா உறுதியான ஆளு.”

“யாராம்?”

“யாரோ,” என்று சொல்லிச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை. மூன்றாம் மாடிக்காரி உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியும். காலையில் சண்டை கேட்டது, அந்த அம்மா வழக்கம்போல விற்கச் சொன்னார், ஐயா வழக்கம்போல மாட்டேன் என்றார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. பதினோரு வருஷமாகக் கேட்ட பாட்டு. பாதி கேட்டாலே மீதியைத் தானே பாடிக்கொள்வாள்.

அன்றைக்கு நடந்தது வேறு. திங்கட்கிழமை அவர் கூட்டத்துக்குப் போய் வந்தார். வந்ததிலிருந்து பேச்சில்லை. மறுநாள் காலை டீத் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

“முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு வித்துடலாம்.”

“எதை?”

“எதைன்னா கேக்கறே? நம்ம வீட்ல விக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?”

“திடீர்னு என்ன இப்போ?”

“இந்த வருஷம் பேனா தரலை.”

நான் டீத் தம்ளரை எடுத்துக் கழுவப் போட்டேன்.

“பிஸ்கட்டும் இல்லை, சரி. பேனா எங்கேன்னு கேட்டேன். இந்த வருஷம் கிடையாது சார்னுட்டான். எழுதாத பேனா, அதுக்கே வக்கில்லாதவன் டவர் எங்கேர்ந்து நடுவான்? முடிஞ்சுதும்மா. ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறக்கும். புரோக்கருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“விக்கக் கூடாது.”

“என்னது?”

“வியாழக்கிழமை பெரிய கம்பெனி ஒண்ணு இதை வாங்கப்போறதா அறிவிப்பு வரும். ரெண்டு நாள் பொறுங்க.”

“இந்த அறிவிப்பு ஏழு வியாழக்கிழமையா வருது. பதினோரு வருஷமா வித்துத் தொலைங்கன்னு நச்சரிச்சவ நீதானே?”

“அப்போ எழுபது. இப்போ ஒண்ணேகால். இந்த விலைக்கு விக்கிறவன் அடிமுட்டாள்.”

“அது நான் சொல்ற வசனம்.”

“நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும்? விக்காத வரைக்கும் நஷ்டமே இல்லைன்னு சொன்னது யாரு?”

“நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். இந்தா, கேளு. வர்றதுல உன் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கிடலாம். மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சுங்கறே. இனிமே மிதிக்க வேண்டாம்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு ஏதோ பரிசு கொடுக்கிறவர் மாதிரி.

நான் ஒரு கணக்குப் போட்டேன், அம்மா. நான்கு வளையல். மகள் வீட்டுக்குப் போகலாம் போகலாம் என்று போகாத ஒன்பது விடுமுறை. மாற்றாத மூக்குக் கண்ணாடி. கண்ணாடி மாற்றாததால் கோணலாகப் போய்ப் பிரித்துத் தைத்த சட்டைகள். முப்பத்திரண்டு வருஷம் அவர் ஏறி இறங்கின படிகள். எல்லாம் சேர்ந்து ஒரு மோட்டார். அதுவும் சின்ன மோட்டார். அவர் விற்காத வரைக்கும் அதெல்லாம் எங்கேயோ பத்திரமாக இருந்தது. விற்றுவிட்டால் அது மோட்டார்தான். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கிறாரே என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பங்கின்மேல் ஒரு பைத்தியமும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினார். நானும் பின்னால் போனேன், பேசிக்கொண்டே. அவரும் பேசிக்கொண்டே ஏறினார். அறுபத்தொன்பது வயதில் படியேறிக்கொண்டே சண்டை போடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து புரோக்கர் நம்பரைப் போட்டார். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். மணி அடித்தது, அறுந்தது. தன்னை விற்க வருகிறவனை அந்தக் கம்பெனி எவ்வளவு சாமர்த்தியமாகத் தடுக்கிறது என்று நான் கொஞ்சம் வியந்தேன். மூன்றாம் தடவை போடும்போது அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று.

“ஒரு மாதிரி இருக்கு.”

வேர்வை கொட்டியது. நாற்காலியிலிருந்து சரிந்து தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “ஆம்புலன்ஸைக் கூப்பிடு,” என்று போனை என்னிடம் நீட்டினார். அப்போது மணி ஒன்பது பன்னிரண்டு. நான் உடனே கூப்பிட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன், அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். கூப்பிடவில்லை என்று என் நாத்தனார் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அவருடைய போனை எடுத்துப் பாருங்கள். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறேன். எந்தப் பெண்டாட்டி பதினேழு தடவை கூப்பிடுவாள்?

ஐந்தாவது தடவைக்குப் பிறகு தண்ணீர் எடுத்து வரக் கீழே வந்தேன். மெஷின் டிராயர் நடுங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். ரவிக்கை தைக்கக் கொடுத்த பல் டாக்டர் அம்மா.

“கை அளவு முழங்கைக்கு மேலயா, கீழயா சொன்னேன்?”

“மேலன்னீங்க.”

“ஒரு அங்குலம் இறக்கிடலாமா?”

“இறக்கலாம். ஆனா உங்க கைக்கு மேல இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்.”

அப்படி ஆறு நிமிஷம் நாற்பது விநாடி பேசினோம். நான் குரலை உயர்த்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. தொழிலில் நான் எப்போதும் அப்படித்தான். துக்கம் கேட்க வந்த இடத்தில் அந்த அம்மாதான் என் நாத்தனாரிடம், “அன்னைக்குக் காலைலகூடப் பேசினோமே, ஒண்ணுமே சொல்லலையே,” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து பிடித்துக்கொண்டாள் நாத்தனார். எதிர் முனையில் டாக்டரை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். அவர் பல் டாக்டர், அம்மா. நெஞ்சு அவர் துறை இல்லை.

அந்தப் போனிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்றீர்கள். கூப்பிட்டிருக்கலாம். நான்கு கோடு இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷம் மறைத்த ரகசியம். நெஞ்சு வலியோடு இருக்கிற மனுஷர். தன் வீட்டிலேயே போட்டிக்காரன் சிம் இருக்கிறது என்று அந்த நேரத்தில் தெரிந்தால் என்ன ஆவார்? இதய நோயாளிக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. இது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. போனை மறுபடியும் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்து, டிராயரை மூடி, தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

ஒன்பதரை ஆயிற்று. மார்க்கெட் திறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதை நான் கவனித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பதினேழாவது தடவை, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, இணைப்பு கிடைத்துவிட்டது. கம்பெனியைச் சும்மா குறை சொல்லக் கூடாது. ஆம்புலன்ஸ்காரர்கள் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆக, என் கணவரை நான் சாகவிட்டேன் என்று எழுத வேண்டும் என்றால் எழுதுகிறேன். எழுதிவிட்டேன். நாற்பது நிமிஷம். அவர் புரோக்கரைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரைப் பிழைக்க வைத்திருந்தால் புதன்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கூப்பிட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் சிக்னல் நன்றாக இருக்கும்.

பங்குகள் இப்போது என் பேருக்கு வரும். விற்க மாட்டேன், அவர் ஞாபகமாக வைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த வியாழன் இருக்கிறது. இந்தத் தாளை வாங்கிக்கொள்ளும்போது இன்றைக்கு எவ்வளவில் முடிந்தது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு பழக்கம், வேறொன்றுமில்லை.

இன்னும் அரைப் பக்கம் மிச்சம் இருக்கிறது. தாளை வீணாக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, மூன்றாம் மாடிக்காரிக்கும் கேட்டிருக்காது.

நான் தண்ணீரோடு மேலே வந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. இரண்டு வாய் குடித்தார். நான் அவர் போனில் ஆறாவது தடவை நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி என் காதோரத்தில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். டிராயரில் குனிந்தபோது ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம், சண்டையெல்லாம் முடிந்துபோன குரலில், மெதுவாகச் சொன்னார்:

“மெஷின் டிராயர்ல இருக்கே, உன் இன்னொரு போன், அதுல கூப்பிடும்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”